கார்மென் சாண்டியேகோவும் கும்மிடிப்பூண்டி ரயிலும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே. புகை ஒத்துக்காதவங்க இப்பவே ஜன்னலைத் திறந்து வெச்சுக்குங்க.

1985ல அமெரிக்காவுல ப்ராடர்பண்ட்னு ஒரு கம்பெனி, ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக ஒரு விளையாட்டை வெளியிட்டாங்க. 'வேர் இன் த வேர்ல்ட் இஸ் கார்மென் சாண்டியேகோ?'. அதாவது, உலகத்துல எங்கதான் இருக்கா இந்தக் கார்மென் சாண்டியேகோ? அப்புறம் அது டாஸுக்கு வந்தது. பத்து வருஷம் கழிச்சு, ரிச்சி ஸ்ட்ரீட் வழியா ஒரு ஃப்ளாப்பியில ஏறி, பொன்னேரியில ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கும் வந்து சேர்ந்தது. குழந்தைகளுக்குன்னு வந்த துப்பறியும் கேம்கள்ல இதைத் தாண்டி இன்னும் ஒண்ணு வரலைங்கறது என் கட்சி. ஒத்துக்காதவங்க சண்டைக்கு வரலாம், டீயோட காத்திருக்கேன்.

முதல்ல அது என்ன விளையாட்டுன்னு சொல்லிடறேன். சிவப்புத் தொப்பி, சிவப்பு கோட்டு போட்ட கார்மெனும் அவளோட கும்பலும் உலகம் பூரா போய் திருடுவாங்க. சாதா திருட்டு இல்ல, ஒரு நாட்டோட பொக்கிஷத்தையே லவட்டிக்கிட்டுப் போவாங்க. நீங்க துப்பறியும் ஆள். திங்கக்கிழமை காலை 9 மணிக்குக் கேஸ் கைக்கு வரும், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 5 மணிக்குள்ள ஆளைப் பிடிக்கணும். திருட்டு நடந்த ஊர்ல பேங்க், லைப்ரரி, ஹோட்டல், மார்க்கெட்னு மூணு இடம் காட்டும். ஒவ்வொண்ணா போய் விசாரிச்சா யாராவது ஒரு துப்பு சொல்லுவாங்க. இந்தக் காசை மாத்திக்கிட்டுப் போனான், இந்த நிறக் கொடி போட்ட விமானத்துல ஏறினான், இப்படி. அதை வெச்சு அடுத்த ஊர் எதுன்னு நீங்க கண்டுபிடிச்சு பறக்கணும். விசாரிச்சா நேரம் போகும், பறந்தா நேரம் போகும், ராத்திரியானா நம்ம ஆளு தூங்கிடுவான், அதுலயும் நேரம் போகும். தப்பான ஊருக்குப் போய் இறங்கினீங்கன்னா, அப்படி யாரையும் பாக்கலையேன்னு எல்லாரும் உதட்டைப் பிதுக்குவாங்க. சரியான ஊரா இருந்தா திருடனோட கூட்டாளி ஒருத்தன் ஸ்கிரீன்ல ஓரமா பதுங்கிப் பதுங்கிப் போவான் பாருங்க... அந்த ரெண்டு செகண்டுக்கு மொத்த சென்டரும் கத்தும்.

சென்டர்னு சொல்றது, ஒரு மாடி ரூம்ல மூணு கம்ப்யூட்டர். வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் சொல்லிக்கொடுப்பாங்க. அப்பா சிப்காட்ல ரோலிங் மில்லுல ஷிப்ட். பையன் கம்ப்யூட்டர் கத்துக்கிட்டா தன்னை மாதிரி காய்ச்சின இரும்புக்கு முன்னாடி நிக்க வேண்டியதில்லைன்னு ஃபீஸ் கட்டி அனுப்பினார். கும்மிடிப்பூண்டியில ஏறினா நடுவுல கவரைப்பேட்டை, அடுத்தது பொன்னேரி. சனிக்கிழமை மதியம் பாடம் முடிஞ்சதும், சென்டர் சார் போனா போகுதுன்னு ஒரு மணி நேரம் கேம் விடுவார். ஒரு கம்ப்யூட்டருக்கு ஏழெட்டு பேர். கீபோர்டு ஒருத்தன் கையில, மூளை மத்த எல்லாரோடதும்.

இங்கதான் விஷயம் இருக்கு. அமெரிக்காவுல அந்த கேமை பெட்டியோட வாங்கினவங்களுக்கு 'வேர்ல்ட் அல்மனாக்'னு தலகாணி சைஸ்ல ஒரு தகவல் புத்தகமும் கூடவே கொடுத்தாங்க. எந்த நாட்டுக் காசு என்ன, கொடி என்ன, எங்க என்ன விளையுதுன்னு எல்லாம் அதுல பாத்துக்கலாம். நமக்கு வந்தது வெறும் ஃப்ளாப்பி. புத்தகம் எதுவும் கிடையாது. அதனால சென்டர் சார் பரீட்சைக்குப் படிக்க வெச்சிருந்த மனோரமா இயர் புக்கும், யாரோ ஒருத்தனோட ஸ்கூல் அட்லஸும்தான் எங்க அல்மனாக். ஃபோரின்ட்னா எந்த ஊர்க் காசு? ஒருத்தன் இயர் புக்கைப் புரட்டுவான், இன்னொருத்தன் அட்லஸ்ல ஹங்கேரியைத் தேடுவான், மூணாவது ஆள் "சீக்கிரம்டா, வெள்ளிக்கிழமை ஆயிடுச்சு"ன்னு அலறுவான். மொரோனி, பமாக்கோ, போர்ட் மோர்ஸ்பி, ரேக்யாவிக். தமிழ் மீடியம் புவியியல் புத்தகத்துல எங்க கண்ணுல பட்டே இருக்காத ஊர்கள். ஆனா பரீட்சைக்கு எவனும் கேக்க மாட்டான்னு தெரிஞ்சும் மொரோனி கொமொரோஸ் தீவோட தலைநகர்னு தேடிப் பிடிச்சோம்.

பாடத்துல தெரியாதுங்கறது ஒரு அவமானம். பெஞ்சு மேல ஏறி நிக்கணும். இந்த கேம்ல தெரியாதுங்கறதுதான் ஆட்டமே. தெரிஞ்சிருந்தா அங்க சுவாரஸ்யமே இல்ல. விடை தெரிஞ்சவனை விட, விடை எந்தப் பக்கத்துல இருக்கும்னு தெரிஞ்சவனுக்குத்தான் எங்க கூட்டத்துல மவுசு.

முதல் பதிப்புல மொத்தம் 30 ஊர். அதுல மெட்ராஸ் கிடையாது. நமக்குப் பக்கத்துல பார்த்தா டெல்லி, கொழும்பு, காத்மாண்டு, கொஞ்சம் தள்ளி சிங்கப்பூர். இப்ப ஒரு கேள்வி. திருடன் காசை ரூபாயா மாத்திக்கிட்டுப் போனான்னு துப்பு வந்தா எங்க போவீங்க?

எங்க ரூம்ல மொத்தப் பேரும் டெல்லின்னு கத்தினாங்க. ரூபாய்னா நம்ம ரூபாய், இதுல என்ன யோசனை? ஒரே ஒருத்தன் மட்டும் மெதுவா, "எங்கட நாட்டிலயும் ரூபாய்தானே"ன்னான்.

அவன் கும்மிடிப்பூண்டி கேம்ப்ல இருந்து வர்றவன். தெரியாதவங்களுக்கு: எங்க ஊர்ல இலங்கைத் தமிழர் முகாம் ஒண்ணு இருக்கு. 1990கள்ல படகு ஏறி வந்தவங்களோட பிள்ளைகள் எங்க கூடத்தான் படிச்சாங்க. (2021ல தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்'ங்கற பேரை எடுத்துட்டு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்'னு வெச்சது. ஊர்ல இன்னும் கேம்ப்தான்.) அவன் மன்னார் பக்கம். கொழும்பை ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை. அட்லஸ்ல பார்த்தோம், நேபாளத்துலயும் ரூபாய்தான். ஆக மூணு ஊர். அடுத்த துப்பு என்னன்னு பார்த்துட்டுதான் முடிவு பண்ணணும்னு அன்னிக்குத்தான் எங்க கூட்டத்துக்கே உறைச்சது. நியூயார்க்ல உக்காந்து ஆடற பையன் ரூபாய்னா என்னன்னு புத்தகத்தைப் பார்ப்பான். நமக்குத் தெரியும்னு நினைச்சதாலயே புத்தகத்தைத் தொடல.

அதுக்கப்புறம் கொழும்பு வந்தா கீபோர்டு அவன் கைக்குப் போயிடும். எழுதாத சட்டம் அது. பொத்தானை அமுக்கினா விமானம் கிளம்பும், எந்த ஊருக்கும் விசா கேக்காது, யார்கிட்டயும் பர்மிஷன் கேக்க வேண்டாம். கேம்ப்ல ஆள் கணக்கெடுக்கற நாள்னா அவனால பொன்னேரிக்குக் கூட வர முடியாது, இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

1996 ஜனவரி 31. கொழும்புல மத்திய வங்கி மேல குண்டு லாரியை மோதினாங்க. 90 பேர் வாக்குல செத்துப்போனாங்க. அந்த வாரம் சனிக்கிழமை கேம்ல கொழும்பு வந்துச்சு. விசாரிக்க வேண்டிய இடத்துல ஒண்ணு பேங்க். அவன் லைப்ரரியை அமுக்கினான். அங்க ஒண்ணும் உருப்படியா கிடைக்கல. மார்க்கெட்டை அமுக்கினான். பேங்கை அமுக்கவே இல்ல. யாரும் அமுக்கச் சொல்லவும் இல்ல. அந்தக் கேஸ் கைவிட்டுப் போச்சு.

இதை எதுக்குச் சொல்றேன்னா, இந்த கேம் மேல வைக்கக்கூடிய பெரிய குற்றச்சாட்டு இதுதான். அந்த 30 ஊர்ல பாக்தாத் உண்டு, கிகாலி உண்டு, கொழும்பு உண்டு. நாங்க ஆடின அந்த 90கள்ல இந்த மூணு ஊர்லயும் என்ன நடந்துச்சுன்னு பேப்பர் படிச்ச எல்லாருக்கும் தெரியும். 1994ல ருவாண்டாவுல லட்சக்கணக்கான ஜனங்களை வெட்டிச் சாய்ச்சாங்க. கேம்ல கிகாலின்னா ஒரு கொடி, ஒரு காசு, ரெண்டு வரி வர்ணனை. உலகமே ஒரு டூரிஸ்ட் போஸ்ட்கார்டு மாதிரி. அதுவும் அமெரிக்காக்காரன் மேஜையில இருந்து பாக்கற போஸ்ட்கார்டு.

ஒத்துக்கறேன். இருந்தாலும் நான் அந்த கேம் பக்கம்தான் நிப்பேன். மேப்புல ஒரு ஊர் பேரா மட்டும் இருந்தது, அங்க இருந்து வந்தவன் பக்கத்துல உக்காந்திருந்ததால முகமா மாறிச்சு. அதை கேம் செய்யல, சரிதான். ஆனா அந்தப் பேரைக் கொண்டுவந்து எங்க எட்டு பேருக்கு நடுவுல போட்டது அதுதானே? சமூக அறிவியல் வாத்தியாரும் அதே வகுப்புல அதே பையனை வெச்சுக்கிட்டுத்தான் பாடம் எடுத்தார். உங்க ஊர்க் காசு என்னடான்னு ஒரு தடவை கூடக் கேட்டதில்ல.

அடுத்தது, வாரண்ட்.

திருடனைத் துரத்திக்கிட்டே போய் கடைசி ஊர்ல பிடிச்சாலும் கைது பண்ண முடியாது, கையில வாரண்ட் இல்லேன்னா. சந்தேகப்படற ஆளுங்க மொத்தம் பத்து பேர். நிக் ப்ரஞ்ச், லேடி அகதா, இகோர் இகோரோவிச்... கார்மெனும் அந்தப் பத்துல ஒருத்தி. ஆணா பெண்ணா, முடி என்ன நிறம், என்ன பொழுதுபோக்கு, என்ன வண்டி, உடம்புல என்ன அடையாளம்னு வழியில கிடைக்கற துப்பை எல்லாம் சேர்த்து போலீஸ் கம்ப்யூட்டர்ல தட்டணும். பத்து பேர் அஞ்சாகி, அஞ்சு ரெண்டாகி, ஒண்ணு ஆனாதான் வாரண்ட் வரும். ஆதாரம் பத்தலேன்னா திருடன் நம்ம கண்ணு முன்னாடியே நடந்து போயிடுவான். அப்ப வயித்தெரிச்சலா இருக்கும், யாரையாவது பிடிச்சு உள்ள போட வேண்டியதுதானேன்னு எங்கள்ல பாதிப் பேர் கத்துவோம். நம்ம சினிமா போலீஸ் அப்படித்தானே பழக்கியிருக்கு? முதல்ல நாலு அறை, அப்புறம்தான் கேள்வி. குழந்தைங்க விளையாட்டுல 'ஆதாரம் இல்லாம தொடாதே'ன்னு ஒரு விதியை வெச்சு, அதை உபதேசமா சொல்லாம, தோக்க வெச்சுச் சொன்னாங்க பாருங்க, அந்த மூளைக்கு ஒரு சலாம்.

தமிழ்ல இதுக்குப் பக்கத்துல வர்றவர் தமிழ்வாணன்தான். சங்கர்லாலை நாடு நாடா அனுப்பி, டீ குடிக்க வெச்சு, துப்புத் துலக்க வெச்சவர். அதே கையால 'கல்கண்டு'ல துணுக்கு துணுக்கா உலகத் தகவல் போட்டவர். துப்பறியறதும் பொது அறிவும் ஒரே பொட்டலம்னு ப்ராடர்பண்டுக்கு முன்னாடியே அவருக்குத் தெரிஞ்சிருக்கு. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வேற. 1977லயே போயிட்டார். இருந்து கம்ப்யூட்டரைப் பார்த்திருந்தா நமக்கு ஒரு சங்கர்லால் கேம் கிடைச்சிருக்குமோ என்னவோ. (ஆசைக்கு அளவே இல்ல எனக்கு.)

சரி, இப்ப என்ன நிலைமை? கார்மென் இன்னும் ரிட்டயர் ஆகல. 2019ல நெட்ஃப்ளிக்ஸ்ல கார்ட்டூன் தொடரா வந்தா. அதே வருஷம் கூகிள் எர்த்ல ஒரு சின்ன கேமாவும் வந்தா. 2025ல கேம்லாஃப்ட் புதுசா ஒண்ணு விட்டிருக்காங்க, அதுல நாமதான் கார்மென்! திருடியை ஹீரோயின் ஆக்கிட்டாங்க. திருடங்ககிட்ட இருந்து திருடறாளாம். எனக்கு இது பிடிக்கல. பிடிபடாத திருடிங்கறதுதான் அவளோட கம்பீரமே, அவளைத் திருத்தி என்ன ஆகப்போகுது?

கூகிள் எர்த்ல வந்ததை என் பொண்ணோட உக்காந்து ஆடினேன். படம் அள்ளுது. ஊருக்கு ஊர் பூமிப் பந்து சுத்தி நிக்கறப்ப நானே வாயைப் பொளந்தேன். ஆனா அரை மணி நேரத்துல முடிஞ்சது. துப்பு புரியலேன்னா பொண்ணு பக்கத்து டேப்ல தட்டுறா, விடை வந்து விழுது. அவளைக் குத்தம் சொல்ல மாட்டேன், இன்னொரு இடம் இருக்குன்னா யாரா இருந்தாலும் தட்டத்தான் செய்வாங்க. கோபமெல்லாம் இந்த 'கல்வி ஆப்' விக்கறவங்க மேலதான். வாடிக்கையாளரா ரெண்டு வருஷம் காசு கட்டின அனுபவத்துல சொல்றேன். கேள்வி, நாலு விடை, சரியா அமுக்கினா பட்டாசு வெடிக்கும், நட்சத்திரம் கொட்டும். தப்பா அமுக்கினா மறுபடியும் அதே கேள்வி. தேடறதுங்கற ஒண்ணே அதுல இல்ல. பரீட்சைக்கு ஜிகினா ஒட்டி விக்கறாங்க, அவ்வளவுதான்.

தேடிப் பழகினவன் பெரியவனான பிறகு என்ன செய்வான்ங்கறதுக்கு நம்ம வட்டத்துலயே ஒரு சாட்சி இருக்கு. சிங்கப்பூர்ல கப்பல் துறையில வேலை பார்த்துக்கிட்டே, பொழுதுபோக்கா கோயில் சிற்பங்களைப் பத்தி வலைப்பூ எழுதிக்கிட்டு இருந்தவர் எஸ்.விஜய் குமார். 'பொயட்ரி இன் ஸ்டோன்' ஞாபகம் இருக்கா? அவரும் நண்பர்களும் செஞ்ச வேலை அச்சு அசல் கார்மென் ஆட்டம்தான். வெளிநாட்டு மியூசியம் கேட்டலாக்ல ஒரு சிலை. புதுச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்ல பல வருஷம் முன்னாடி எடுத்த கோயில் சிலைப் படங்கள். ரெண்டையும் பக்கத்துல வெச்சு, எங்க உடைஞ்சிருக்கு, எங்க தேய்ஞ்சிருக்குன்னு ஒவ்வொரு அடையாளமா ஒப்பிடறது. முடி நிறம், பொழுதுபோக்கு, வண்டிக்குப் பதிலா பீடம், திருவாசி, விரல்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் அப்படித்தான் அடையாளம் காணப்பட்டவர். ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008ல ஏறக்குறைய 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கி வெச்சிருந்தது. 2014 செப்டம்பர்ல ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லிக்கு வந்து திருப்பிக் கொடுத்தார். வித்த டீலர் சுபாஷ் கபூரை 2011ல ஜெர்மனியில பிடிச்சு, 2012ல இங்க கொண்டுவந்து, 2022ல கும்பகோணம் கோர்ட் ஒரு சிலைக் கடத்தல் வழக்குல 10 வருஷம் தீட்டினாங்க. கேம்ல ஒரு வாரத்துல முடியற கேஸ், நிஜத்துல 11 வருஷம் இழுத்திருக்கு. ஆனா விதி மாறல பாருங்க. ஆதாரம் இல்லாம எந்த மியூசியமும் சிலையைக் கொடுக்காது. ரெண்டு போட்டோதான் வாரண்ட்.

அதனால எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை. கார்மென் நம்ம பக்கம் வரவே இல்ல, நாமளே கூட்டிட்டு வந்தா என்ன? உலகம் பூரா வேண்டாம், திருவள்ளூர் மாவட்டம் ஒண்ணு போதும். (நாங்க ஆடிக்கிட்டு இருந்தப்ப அது செங்கல்பட்டு மாவட்டம். 1997லதான் தனியா பிரிஞ்சது. இதுவே ஒரு துப்பு ஆகும்!) கம்பெனிகளும் ஏரிகளும் தவிர இங்க என்னப்பா இருக்குன்னு கேக்கறவங்களுக்கு: பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்துல அத்திரம்பாக்கம் இருக்கு. 1863ல ராபர்ட் புரூஸ் ஃபூட் காலத்துலயே கல்லாயுதம் கிடைச்ச ஊர். சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்க தோண்டி, சில கருவிகள் 3,85,000 வருஷம் பழசுன்னு 2018ல 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க. திருவாலங்காட்டுல 1905ல ராஜேந்திர சோழனோட செப்பேடு கிடைச்சது. பழவேற்காட்டுல டச்சுக்காரங்க 1613ல கட்டின கோட்டை இருந்த இடம் இருக்கு. கும்மிடிப்பூண்டியைத் தாண்டினா எளாவூர் சோதனைச் சாவடி, அதையும் தாண்டினா ஆரம்பாக்கம், அப்புறம் தடா, மொழியே மாறிடும். காசு மாறாது, அதனால ரூபாயை வெச்சுத் துப்பு கொடுக்க முடியாது. 'எக்கடா'ன்னு கேட்டான்னு கொடுக்கலாம்.

ப்ரோக்ராம் எழுதத் தெரிஞ்ச புண்ணியவான்கள் யாராவது கை கொடுத்தா துப்பு எழுதற வேலையை நான் பார்த்துக்கறேன். படம் பிரமாதமா இருக்கணும்னு கட்டாயம் இல்ல, கறுப்பு வெள்ளை கூடப் போதும். ஒரே ஒரு நிபந்தனை, விடை கேமுக்குள்ள இருக்கக் கூடாது. புத்தகத்துல இருக்கலாம், கல்வெட்டுல இருக்கலாம், வீட்டுல இருக்கற ஆயாகிட்ட கேட்டும் தெரிஞ்சுக்கலாம்.

முதல் கேஸுக்கு முதல் துப்பு தயார். திங்கக்கிழமை காலை 9 மணி. பூண்டி மியூசியத்துல இருந்து ஒரு கைக்கோடாரியைக் காணோம். பொன்னேரி ஸ்டேஷன் டீக்கடைக்காரர் சொல்றார்: "ஆமா சார், தொப்பி போட்ட ஒரு அம்மா வந்தாங்க. வாசல்ல எலும்புக்கூடு செதுக்கி வெச்ச கல்லறைத் தோட்டத்துக்கு எந்த பஸ்ஸுன்னு கேட்டாங்க. ஃபிளமிங்கோ பாக்கணும்னும் சொன்னாங்க."

எங்க போவீங்க?